புலவாயோவில் மூன்று நிமிடம்



சென்ற மாதம் முல்லைத்தீவுப் பக்கமிருந்து பதினெட்டுப் பேர் தையல் பயிற்சிக்காகக் கண்டிக்கு வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் வகுப்பு நேரத்தோடு முடிந்துவிட்டது. பெரஹராவும் இல்லாத காலம், வாவியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாயிற்று. பிறகு என்ன செய்வது? எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, தென்னக்கும்புர, திகன வழியாக விக்டோரியா அணையைக் காட்டக் கூட்டிப்போனோம்.

அணைக்கட்டைப் பார்த்தபடி நின்றபோது அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, நீங்கள் ஆபிரிக்காவில இருந்தனீங்களாமே. அங்க காரில ஊர் ஊராய்ச் சுத்திப் பாத்தனீங்களாம். எங்களுக்கு ஓடின பாதையள் மட்டுந்தான் தெரியும். அதைப்பற்றி ஒருக்கால் எழுதுங்கோவன்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பிரயாணமும் பாதி ஓட்டந்தான் என்பதை அந்த இடத்தில் வைத்து அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் கணவர் கணித ஆசிரியர். 1979இல் நாங்கள் சாம்பியாவுக்குப் போனோம். அந்தக் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் ஒப்பந்தத்தில் போனார்கள். சாம்பியா 1964இல் சுதந்திரம் பெற்றபோது அந்த நாட்டுக்காரரில் பட்டதாரிகள் நூறு பேரளவில்தான் இருந்தார்களாம். ஒரு முழு நாட்டுக்கு! பாடசாலைகளைக் கட்டிவிட்டார்கள், படிப்பிக்க ஆளில்லை. அதனால்தான் எங்களைப் போன்றவர்களை எடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்த ஊர் சோமா. தலைநகர் லுசாகாவிலிருந்து தெற்கே லிவிங்ஸ்டனுக்குப் போகும் பெரிய வீதியில் இருக்கும் சிறிய பட்டணம். சுற்றிவரச் சோளம். கடைகள் பல குஜராத்திக்காரருடையவை. ஜூன், ஜூலையில் நுவரெலியாவைப் போலக் குளிரும்.

அங்கே சவர்க்காரத்துக்கும் சமையல் எண்ணெய்க்கும் வரிசையில் நின்றிருக்கிறேன். செம்பின் விலை விழுந்து நாடு கஷ்டப்பட்ட காலம் அது. ஆனாலும் சனம் நல்ல சனம். பக்கத்து வீட்டில் தொங்கா இனத்துப் பெண் ஒருவர் இருந்தார், அதே பாடசாலையில் மனையியல் ஆசிரியை. "கபென்டா" என்று ஒரு காய்ந்த சின்ன மீனை எனக்கு அறிமுகம் செய்தவர் அவர்தான். பார்த்தால் எங்கள் நெத்தலியேதான். வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரித்து சோளமாப் பிட்டோடு தின்றால் ஊர் நினைவு கண்ணில் தண்ணீராக வரும். மிளகாயும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1983 ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு சிம்பாப்வேக்குக் காரில் போவதென்று ஒரு வருடமாகத் திட்டம் போட்டிருந்தோம். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. எங்களிடம் பழைய பேஜோ கார் ஒன்று இருந்தது. சுவரில் வரைபடம் ஒட்டி, மகள் அதில் சிவப்புப் பென்சிலால் பாதை கீறியிருந்தாள்.

அப்போதுதான் ஜூலை வந்தது.

சிற்றலையில் பி.பி.சி. ஆங்கிலச் செய்தி. முதலில் கொழும்பு என்றார்கள். பிறகு கண்டி என்றார்கள். ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. கண்டியில் தமிழர் கடைகள் எரிகின்றன, மாலையில் ஊரடங்குச் சட்டம். அவ்வளவுதான் செய்தி. திருகோணமலை வீதியும் ராஜ வீதியும் காசல் ஹில் வீதியும் எப்படி எரிந்தன என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

எங்கள் அப்பா 1940களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் பலசரக்குக் கடை போட்டவர். அவர் காலமான பிறகு தம்பி நடத்தினான். கடைக்குப் பின்னால்தான் வீடு. அம்மா, தம்பி, தங்கச்சி எல்லோரும் அங்கேதான். நான் அடுத்த நாளே தந்தி அடித்தேன். அடித்த பிறகுதான் யோசித்தேன், எரிந்த கடைக்குத் தந்தி போனால் யார் கையெழுத்துப் போட்டு வாங்குவது?

பதினைந்து நாள் ஒரு பதிலும் இல்லை. நான் தபால் பெட்டியடியிலேயே கிடந்தேன். சமைத்தேன், பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன், ஆனால் எதுவும் கையில் நிற்கவில்லை. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு செய்திக்காக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதை வாசிக்கிறீர்கள். என்னுடையது பதினைந்து நாள்தான்.

ஒருநாள் சின்னவனின் கிளினிக் கொப்பியைக் கிளறியபோது ஒரு மருந்துத் துண்டு விழுந்தது. நாங்கள் லீவில் கண்டிக்கு வந்திருந்த நேரம் அவனுக்கு இருமல் என்று அம்மா வீட்டுக்கு மேல் வீதியிலிருந்த சிங்கள டொக்டர் எழுதிக்கொடுத்தது. அதன் தலைப்பில் அவருடைய ரெலிபோன் இலக்கம் அச்சடித்திருந்தது.

சோமா தபால் கந்தோரில் இரண்டு நாள் முயன்றோம். லுசாகாவுக்கே லைன் நிற்கவில்லை. அப்போது இவர் சொன்னார், "இஞ்சப்பா, இதுக்குள்ள இருந்து பெட்டியைப் பாத்துக்கொண்டிருக்கிறதிலும் பாக்க, புலவாயோவுக்குப் போவம். அங்க ரெலிபோன் நல்லா வேலை செய்யுதாம். பிள்ளையளும் ஒரு வருசமாய்ப் பாத்துக்கொண்டிருக்குதுகள்." ஒரு ரெலிபோன் எடுக்க அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் போவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். வெளிக்கிட்டோம்.

ஓகஸ்ட் 13, சனிக்கிழமை. ரொட்டியும் கட்டுச்சம்பலும் அவித்த முட்டையும் கட்டினேன். ஒரு துணிப்பையில் எங்கள் பாஸ்போட்டுகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், கல்யாணப் பதிவு, அந்த மருந்துத் துண்டு. அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. இன்றைக்கும் என் அலுமாரியில் அப்படி ஒரு பை கட்டியபடியே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

பக்கத்து வீட்டு ஆசிரியை ஒரு பொதி கொண்டுவந்து தந்தார். திரும்பி வரும்போது கரிபா வழியாக வருவதானால் லுசித்து என்ற இடத்தில் இருக்கும் தன் தாயிடம் கொடுக்கச் சொன்னார். உப்பு, ஒரு சித்தெங்கே சீலை. சவர்க்காரத்தை சிம்பாப்வேயில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும்படி காசும் தந்தார்.

அன்று பின்னேரம் லிவிங்ஸ்டனில் விக்டோரியா நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். ஸ்கொட்லாந்துக்காரரான லிவிங்ஸ்டன் 1855இல் பார்த்துவிட்டுத் தன் ராணியின் பெயரை வைத்தார். அங்குள்ளவர்கள் வைத்த பெயர் மோசி-ஓவா-துன்யா. இடிமுழங்கும் புகை என்று அர்த்தம். 1,700 மீற்றர் அகலத்துக்கு ஒரு முழு ஆறு நூறு மீற்றருக்கும் கீழே விழுகிறது. பங்குனி, சித்திரையில் வெள்ளம் கூடிப் புகைமூட்டத்தில் ஒன்றும் தெரியாதாம், ஆவணியில் தண்ணீர் குறைந்து பாறையும் தெரியும் என்பார்கள். பிள்ளைகள் நனைந்து கூத்தாடினார்கள். எனக்கு அந்தச் சத்தம் மட்டுந்தான் ஞாபகம். இவ்வளவு சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதால் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று நினைத்தேன். அழுதேன். கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பாலத்தைத் தாண்டினோம். 1905இல் கட்டிய இரும்புப் பாலம். ரெயிலும் அதில்தான் போகும், வாகனமும் அதில்தான். அந்த நாட்டில் வெள்ளையர் ஆட்சி நடந்தபோது 1973இல் எல்லையைப் பூட்டிவிட்டார்கள். 1975 ஓகஸ்டில் அதே பாலத்தின் நடுவில் ஒரு ரெயில் பெட்டியை நிறுத்தி, அதற்குள் இருந்து சமாதானம் பேசினார்கள். ஒரு பக்கத்தார் தங்கள் நாட்டில் இருந்தபடி, மற்றப் பக்கத்தார் சாம்பியாப் பக்கத்தில் இருந்தபடி. யாரும் எல்லை தாண்ட வேண்டியதில்லை பாருங்கள்! பேச்சு அன்றைக்கே முறிந்துபோனது. போர் இன்னும் நாலு வருடம் நடந்து, 1980 ஏப்ரலில்தான் சிம்பாப்வே பிறந்தது. இவர் இதைப் பாலத்தில் வைத்துச் சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து 1985இல் எங்கள் ஆட்கள் திம்புவில் பேசியதைக் கேட்டபோது அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது.

பாலத்துக்கு அப்பால் புலவாயோவுக்கு 440 கிலோமீற்றர். எல்லையில் நின்ற அதிகாரி இவரிடம் சொன்னார், வழியில் நிற்க வேண்டாம், இருட்டுக்கு முன் போய்ச் சேருங்கள். முந்தைய வருடம் 1982 ஜூலையில் அந்த வீதியில் ஆறு வெளிநாட்டுப் பிரயாணிகளைக் கடத்திக்கொண்டு போயிருந்தார்கள். (அவர்களுடைய உடல்கள் 1985இல்தான் கிடைத்தன.) சொன்னால் சொன்னபடியா நடக்கும்? லுபானேக்குக் கிட்ட ஒரு சில்லுக் காற்றுப் போய்விட்டது. மாற்றுச் சில்லின் ஆணி இறுகிக் கழலவில்லை. இவர் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். மத்தியானம் இரண்டு மணி.

பற்றைக்குள்ளிருந்து ஒரு வயதான பெண்ணும் ஒரு குமரும் வந்தார்கள். ஒரு சொல்லும் பேசவில்லை. குமர் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு கொண்டுவந்து தந்தாள். அதைச் சாவியில் செருகி நெம்பியபோது ஆணி கழன்றது. கிழவி பிள்ளைகளுக்கு ஒரு சுரைக் குடுவையில் தண்ணீர் தந்தாள். நான் ஒரு பை தோடம்பழத்தை நீட்டினேன். கையை நீட்டப் போனவள், வீதியில் தூரத்தில் இராணுவ லொறியின் சத்தம் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் குமரைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு பற்றைக்குள் போனவள்தான். என்னைப் பார்த்து ஒரு தடவை கையால் விரட்டினாள், போ, போ என்று. லொறி எங்களைத் தாண்டிப் போனது. நான் பழத்தை வீதியோரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு ஏறினேன். குழாய்த் துண்டையும் அதன் பக்கத்தில் வைத்தோம்.

ஏதோ நாகரிகம் தெரியாத சனம் என்றுகூட அப்போது ஒரு கணம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 1983 ஜனவரியிலிருந்து அந்தப் பகுதியில் இராணுவத்தின் ஒரு படைப்பிரிவு என்ன செய்தது என்பது உலகத்துக்கு அப்போது சரியாகத் தெரியாது. மாட்டபெலேலாந்து என்ற அந்தப் பிரதேசத்தில், பெரும்பாலும் எந்தெபெலே மொழி பேசும் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இருபதாயிரம் வரை என்று சொல்கிறவர்களும் உண்டு. அதை "குக்குராஹுந்தி" என்பார்கள். பதரை அடித்துக்கொண்டு போகும் முதல் மழை என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். மனிதரைப் பதர் என்றிருக்கிறார்கள். 1987 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதி அதை நிறுத்தினார்கள். 1997இல் அங்குள்ள கத்தோலிக்க நீதி சமாதான ஆணைக்குழு, சாட்சிகளைக் கேட்டு ஒரு அறிக்கை வெளியிட்டது. நான் அதைப் பற்றிக் கண்டியில் வைத்து வாசித்தேன். லுபானே என்ற பெயரைக் கண்டவுடன் அந்தக் கிழவி என் பிள்ளைகளுக்குத் தந்த தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. என் ஊர் எரிகிறது என்று மடியில் பையோடு நான் ஓடிக்கொண்டிருந்தேன். அவளுடைய ஊரின் நடுவால்தான் ஓடினேன், தெரியவில்லை.

பொழுது படும்போது புலவாயோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாட்டு வண்டிகளைத் திருப்புவதற்காக அகலமாய்ப் போட்ட வீதிகள் என்று சொன்னார்கள். கடைகளில் வெண்ணெய், சவர்க்காரம், பால்மா எல்லாம் அடுக்கியிருந்தது. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தபால் கந்தோரில் பதிந்தோம். கண்டியில் அப்போது மத்தியானம் பன்னிரண்டரை. டொக்டர் சாப்பிட வீட்டுக்கு வரும் நேரம். குறைந்தது மூன்று நிமிடத்துக்குக் காசு கட்டவேண்டும். ஏதேதோ நாடுகளின் ஒப்பரேட்டர்மார் ஒருவரோடொருவர் பேசினார்கள். பிறகு மணி அடித்தது. டொக்டரின் மனைவி எடுத்தார். நான் சிங்களத்தில் யாரென்று சொல்லி முடிக்க முதல் அவர் சொன்னார், "அம்மா மெஹே இன்னவா, துவே." அம்மா இங்கே இருக்கிறார், மகளே.

எனக்குக் கால் ஆட்டங்கண்டது. இவர் பின்னால் நின்று முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு ரெலிபோனில் கதைத்துப் பழக்கமில்லை. கத்தித்தான் கதைத்தார்.

"பிள்ளை, சாப்பிட்டியே?"

"அம்மா, எல்லாரும் இருக்கினமோ?"

"இருக்கினம். தம்பியும் தங்கச்சியும் வவுனியாவுக்குப் போட்டினம். எனக்கு ஏலாது எண்டு போட்டன். நாப்பது வருசமாய்க் கண்டியில இருக்கிறன். கடை இல்லைப் பிள்ளை. முழுக்கப் போட்டுது. கொப்பி இருக்கு."

"என்ன கொப்பி?"

"கடன் கொப்பி. அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினனான்."

நகைப்பெட்டி அலுமாரிக்குள்ளேயே எரிந்துபோனது. என் கல்யாணச் சீலை, அப்பாவின் படம் எல்லாம் எரிந்துபோயின. அம்மா எடுத்துக்கொண்டு ஓடியது கடையில் கடன் வாங்கினவர்களின் பெயர் எழுதிய நீலமட்டைக் கொப்பி! பிறகு ஒருநாள் ஏன் அம்மா என்று கேட்டேன். கை பட்டதை எடுத்தேன் என்றார். நான் நம்பவில்லை. அப்பாவின் கையெழுத்து அதில் இருந்தது.

இவர் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு நிமிடம். நான் என்ன கேட்பதென்று தெரியாமல், "மருந்து குடிக்கிறீங்களோ?" என்றேன். அம்மா, "நீ எங்கயிருந்து கதைக்கிறாய்?" என்றார். புலவாயோ என்றேன். "அது எந்தப் பக்கம்?" என்றார். சொல்லத் தொடங்க லைன் அறுந்தது.

அந்தத் தபால் கந்தோர்ப் படியில் இருந்து நான் சிரித்த சிரிப்பை இன்றுவரை என் மகள் சொல்லிக் காட்டுவாள். அம்மாவுக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று பயந்தாளாம்.

அதற்குப் பிறகுதான் என் கண் திறந்தது என்று சொல்லவேண்டும். மஸ்விங்கோவுக்குப் போனோம். அதன் பழைய பெயர் ஃபோர்ட் விக்டோரியா. எங்கு போனாலும் அந்த அம்மாள்தான்! 1982இல்தான் அந்தப் பெயரையும், சோல்ஸ்பரி என்ற தலைநகரின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து கிட்டத்தான் மகா சிம்பாப்வே. கற்களால் கட்டிய பழைய நகரம். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. செதுக்கிய கல்லை வரிசை வரிசையாய் அடுக்கி, பதினொரு மீற்றர் உயரம்வரை மதில். ஐந்நூறு அறுநூறு வருடமாக நிற்கிறது. நல்லூரில் கோவில் மதில் கட்டிய தாத்தாவின் பேரன் என்று எங்கள் இவர் பெருமைப்படுவார். அவரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

இதில் ஒரு கதை உண்டு. கறுப்பர்கள் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள், வெளியிலிருந்து வந்த வேறு யாரோதான் கட்டினார்கள் என்று வெள்ளைக்கார ஆட்சி பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தொம்சன் என்ற ஆங்கிலப் பெண், இரண்டு பெண் உதவியாளர்களோடு போய்த் தோண்டிப் பார்த்துவிட்டு, இது இந்த மண்ணின் மக்கள் கட்டியதுதான் என்று அடித்துச் சொன்னார். அப்படியும் ஐம்பது வருடம் ஏற்கவில்லை. நாடு சுதந்திரம் பெற்றபோது அந்தக் கல்வீட்டின் பெயரையே நாட்டுக்கு வைத்தார்கள். யார் முதலில் வந்தார்கள் என்ற வழக்கு எங்களுக்கும் பழக்கமானதுதானே, அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. மகள் அந்த மதிலில் கையை வைத்தபடியே ஒரு சுற்று நடந்தாள். கால் கிலோமீற்றர். நானும் பின்னால் நடந்தேன்.

ஹராரேயில் ஒரு இரவு. அங்கே ஒன்றும் பெரிதாகப் பார்க்கவில்லை. சவர்க்காரம் வாங்கினோம், சின்னவனுக்குக் காய்ச்சல்.

திரும்பும்போது கரிபாவுக்கு இறங்கினோம். சம்பேசி ஆற்றை மறித்து 1955க்கும் 1959க்கும் இடையில் கட்டிய அணை. 128 மீற்றர் உயரம், வில்லாக வளைந்த கொங்கிறீற். அணையின் மேலேயே வீதி. ஒரு முனை சிம்பாப்வே, மறுமுனை சாம்பியா. கட்டும்போது 80க்கும் மேற்பட்ட தொழிலாளர் இறந்தார்கள், அவர்களுக்கு மலைமேல் ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. 1957, 58 இரண்டு வருடமும் ஒருநாளும் வராத வெள்ளம் வந்து வேலையை அடித்தது. ஆற்றுக்குள் இருக்கும் நியாமிநியாமி என்ற நாகதெய்வத்துக்குக் கோபம் என்று தொங்கா மக்கள் சொன்னார்கள்.

அந்த ஆற்றின் இரு கரையிலும் இருந்த தொங்கா மக்கள் 57,000 பேரை எழுப்பி அனுப்பினார்கள். தண்ணீர் ஏறியபோது தீவுகளில் அகப்பட்ட யானை, மான், குரங்குகளைப் படகில் போய்க் காப்பாற்றியதைப் பற்றி உலகம் முழுக்கப் படம் போட்டுப் புகழ்ந்தார்கள். அது நல்ல வேலைதான், குற்றம் சொல்லவில்லை. சனத்தை லொறியில் ஏற்றிய படத்தை நான் எங்கும் காணவில்லை. சிபெப்போ என்ற இடத்தில் போகமாட்டோம் என்று ஈட்டியோடு நின்றவர்களை 1958இல் பொலிஸ் சுட்டு, எட்டுப் பேர் செத்தார்கள். மிச்சப் பேரைத்தான் நூறு மைல் தள்ளி லுசித்துவில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அந்த லுசித்துவில்தான் நாங்கள் பொதியைக் கொடுக்க வேண்டும். வரண்ட செம்மண், ஆடுகள், கூரை வேய்ந்த மண் குடிசைகள். தாயார் கண் மங்கியவர். பேத்தி ஆங்கிலம் படித்த பிள்ளை, அவள்தான் சொல்லித் தந்தாள். ஆற்றங்கரையில் வருடம் இரண்டு போகம் விளைந்ததாம். தண்ணீர் இங்கு வரை வரும் என்று அதிகாரிகள் வந்து மரத்தில் அடையாளம் போட்டபோது ஊர் சிரித்ததாம். வந்த முதல் வருடமே பெண்களும் குழந்தைகளுமாக ஏதோ நோயில் பலர் செத்தார்கள். அவருடைய ஒரு பிள்ளையும் அதில். முன்னோரின் கல்லறைகளெல்லாம் தண்ணீருக்குள்.

எங்கள் கதையையும் பேத்தி சொன்னாள். கிழவி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: உன் தாயின் வீடு தண்ணீருக்குள்ளா? இல்லை, எரிந்துவிட்டது என்றேன். அப்படியென்றால் நிலம் இருக்கிறதே, என்றார்.

எனக்கு முதலில் கோபந்தான் வந்தது. காரில் வரும்போதும் இவரோடு அதைப்பற்றிச் சண்டை பிடித்தேன். வாடகைக் கடை, அதில் எங்களுக்கு ஏது நிலம்? பிறகு எத்தனையோ வருடம் நான் அதை யோசித்திருக்கிறேன். எரிந்த நிலத்துக்குத் திரும்பிப்போய்க் கொட்டில் போட்டவர்களும், நிலம் கண்ணுக்கு முன் இருந்தும் முள்வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். கிழவி சொன்னது சரியா பிழையா என்று நீங்கள்தான் எழுதவேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்தத் தொங்கா மக்களுக்கு என்ன நடந்தது என்று எலிசபெத் கோல்சன் என்ற அமெரிக்கப் பெண்ணும் தேயர் ஸ்கடர் என்பவரும் 1956இலிருந்து விடாமல் எழுதிவைத்தார்கள். அணை கட்ட முதலே தொடங்கியது. ஸ்கடர் பிறகு எங்கள் மகாவலிக் குடியேற்றங்களையும் வந்து ஆராய்ந்தார். கோல்சன் அம்மா சோமாவுக்குக் கிட்ட மொன்சேயிலேயே குடியிருந்து, 2016இல் 99 வயதில் அங்கேயே இறந்தார். பக்கத்து ஊரில் இருந்தும் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை, அப்போது அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

நாங்கள் 1987இல் கண்டிக்குத் திரும்பினோம். அதற்கு முன் 1985இல் விக்டோரியா அணை திறந்தாயிற்று. 122 மீற்றர், அதே வில் வளைவு. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கட்டடங்கள் தலைகாட்டும். சனம் பார்க்கப் போவார்கள். எங்கள் கடைக்கு வந்து கருவாடு வாங்கும் தெல்தெனியக்காரர் சிலரின் வீடும் அதற்குள்தான். அவர்களில் ஐந்து பேரின் பெயர் அம்மாவின் கொப்பியில் இருந்தது.

கொப்பியில் மொத்தம் 43 பெயர். பெரும்பாலும் சிங்களவர், கொஞ்சம் முஸ்லிம்கள், தோட்டத்து ஆட்கள். 1983 ஓகஸ்டிலிருந்து டொக்டர் வீட்டு வாசலுக்கு ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள். முழுதாகக் கட்டினவர்கள் பதினாறு பேர். பாதி கட்டினவர்கள் சிலர். வீதியில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு, அதையும் மறைப்பானேன். கட்டினவர்களின் பெயரை அம்மா ஒரு கோட்டால் வெட்டினார். தெல்தெனியக்காரர் ஒருவர் 1991இல் திகனவிலிருந்து வந்து பதினொரு ரூபாய் எழுபத்தைந்து சதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். 2018 மார்ச்சில் அதே திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகள் எரிந்த செய்தியைக் கேட்ட அன்று, அம்மா இல்லையே என்று ஆறுதல்பட்டேன்.

கொப்பி இப்போது என்னிடம். பஸ்ஸில் திரும்பி வரும்போது முல்லைத்தீவுச் சகோதரிகளுக்கு அதைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், நேரம் கிடைக்கவில்லை. அடுத்த தொகுதியினர் வரும்போது வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். கபென்டாச் சம்பல் செய்முறை கேட்டவருக்கு, நெத்தலியில் செய்யும் விதமாக அடுத்த இதழில் எழுதுகிறேன். இம்முறை இடம் போதவில்லை.